ரீஃபண்ட் சித்தப்பா

ஜாதகம் பார்க்க ஒருவர், பந்தியை மேற்பார்வை செய்ய ஒருவர், பங்காளிச் சண்டையைத் தீர்த்துவைக்க ஒருவர் என்று குடும்பத்துக்குக் குடும்பம் ஆள் உண்டு. ஆன்லைன் வியாபாரம் வந்தபிறகு அந்த வரிசையில் புதிதாகச் சேர்ந்தவர்தான் ரீஃபண்ட் சித்தப்பா. சில வீடுகளில் இவர் பெரியப்பாவாக இருப்பார், சில வீடுகளில் அத்தையாகவும் இருப்பார். பெரும்பாலும் ஓய்வுபெற்ற அரசு ஊழியர். தணிக்கைப் பிரிவில் குப்பை கொட்டியவர் என்றால் கேட்கவே வேண்டாம்.

தெருவில் நடந்துபோகும்போது இவரை அடையாளம் காண முடியாது. வாசலில் பார்சல் வந்து இறங்கவேண்டும். நாமெல்லாம் பார்சலைப் பல்லால் கடித்துக் கிழிக்கிற ரகம். சித்தப்பா முதலில் கை கழுவுவார். சாப்பாட்டு மேஜை துடைக்கப்படும். மகள் செல்போனும் கையுமாக நிற்பாள். பார்சலுக்குப் பக்கத்தில் அன்றைய நாளிதழ், தேதி தெரியும்படி. கடத்தல்காரர்கள் பணம் கேட்டு அனுப்புகிற படம் மாதிரி இருக்கும்.

“ஆறு பக்கமும் காட்டும்மா. ஒட்டியிருக்கிற டேப்பைக் கிட்டப் போய் எடு. நடுவுல நிறுத்திடாதே, வெட்டி ஒட்டினதுன்னு சொல்லிடுவான்.”

இவ்வளவு மரியாதையோடு வெளியே வருவது 799 ரூபாய்ச் சட்டை. அது சொன்ன அளவில், சொன்ன நிறத்தில் இருந்துவிட்டால் சித்தப்பாவின் முகம் லேசாக வாடிவிடும். “சரியாத்தான் இருக்கு” என்று சொல்லிவிட்டு மேஜையை விட்டு எழுந்துபோவார்.

அன்றைக்கு வாடவில்லை. கேட்டது கருநீலம், வந்தது கரும்பச்சை. சித்தப்பா உடனே ரிட்டன் போட்டார். மறுநாள் எடுத்துப்போக வந்த பையனுக்குச் சித்தி மோர் கொடுத்தார், சித்தப்பா வேலை கொடுத்தார். “தம்பி, சட்டையை விரிச்சுத் தூக்கிப் பிடி. காலர் டேக் தெரியணும். உன் முகம் வேண்டாம், கை மட்டும் போதும்.” அந்தத் தம்பிக்கு இன்னும் பாதி ஊர் பாக்கி இருந்தது. ஆனாலும் பிடித்தான்.

ஒரு வாரம் கழித்துக் கம்பெனியிலிருந்து தகவல் வந்தது. திரும்பி வந்த சட்டை உடுத்தித் துவைக்கப்பட்டிருக்கிறதாம், ஆகவே ரீஃபண்ட் கிடையாதாம். நமக்கு இப்படி வந்தால் ரத்தம் கொதிக்கும். சித்தப்பா செல்போனை மெதுவாக மேஜைமேல் வைத்தார். “ஏம்மா, ஸ்ட்ராங்கா ஒரு காபி” என்றார். பணி ஓய்வுக்குப் பிறகு அவர் குரலில் அந்தத் தெம்பை அன்றுதான் கேட்டோம்.

முதல் கட்டம், சாட். மறுமுனையில் ஒரு பெண் பெயர். “உங்களுக்கு ஏற்பட்ட அசௌகரியத்துக்கு வருந்துகிறோம்.” எதைத் தட்டினாலும் அதே வருத்தம்தான் வந்தது. சித்தப்பா அப்போதும் மரியாதையை விடவில்லை. “நீங்க மனுஷியா மிஷினா, அதை மட்டும் சொல்லிடுங்கம்மா” என்று கேட்டார். அதற்கும் வருந்தினார்கள். “வருந்தறது இருக்கட்டும். எந்தத் தேதியில வருந்தினீங்கன்னு எழுத்துல குடுங்க.” வந்த புகார் எண்ணை டைரியில் எழுதி அடியில் கோடு போட்டுக்கொண்டார்.

இரண்டாவது கட்டம், குறைதீர் அதிகாரி. ஆன்லைன் விற்பனைத் தளங்கள் இப்படி ஒருவரை நியமித்து, அவர் பெயரையும் தொடர்பு விவரத்தையும் தளத்தில் போட்டிருக்கவேண்டும் என்கின்றன 2020-ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள். புகார் கிடைத்ததை அவர் 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ளவேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்கவேண்டும். சித்தப்பாவின் கணக்குப்படி 48 மணி நேரம் ராத்திரி இரண்டேகாலுக்கு முடிந்தது. அலாரம் வைத்து எழுந்து பார்த்தார். சித்தியும் எழுந்தார், அது வேறு விதமான குறைதீர்ப்பு.

அந்த மாதம் ஒரு கல்யாணம் வந்தது. ரசத்துக்கும் பாயசத்துக்கும் நடுவில், பக்கத்து இலைக்காரருக்குச் சித்தப்பா சட்டம் பரிமாறிக்கொண்டிருந்தார். “2019-ஆம் வருஷத்து 35-ஆம் ஆக்ட் சார். குறையுள்ள பொருளைத் திருப்பி எடுத்துக்கிட்டுப் பணத்தைக் குடுக்கணும். பில்லுல சொன்ன கெடுவுக்குள்ள. கெடுவே சொல்லலேன்னா 30 நாள். குடுக்கலேன்னா அது முறையற்ற வணிகம்.” பக்கத்து இலைக்காரர் அப்பளம் கேட்டார்.

வாதாடத் தெரிந்தவர் எல்லாருக்காகவும் வாதாடிவிடமாட்டார். சித்தப்பாவின் புகழைக் கேட்டு என் தம்பி ஒரு குர்தாவோடு வந்தான். ரிட்டனை நிராகரித்துவிட்டார்கள் என்று புலம்பினான். சித்தப்பா குர்தாவை வாங்கி மூக்கருகே கொண்டுபோனார். “யார் வீட்டு ரிசப்ஷன்டா? பிரியாணி நல்லா இருந்திருக்கும்போலயே.” டேக்கைக் காலருக்குள் மடித்துவிட்டுப் போட்டுக்கொண்டு போனதைத் தம்பி ஒப்புக்கொண்டான். “பொருள் கெட்டிருந்தா, சொன்னபடி இல்லேன்னா, சொன்ன தேதிக்கு வராம போனா, அவன் திருப்பி வாங்கிக்க மாட்டேன்னு சொல்ல முடியாது. உனக்குப் பிடிக்கலேன்னா அது அவன் வச்ச பாலிசி. விருந்து சாப்பிட்ட குர்தாவுக்கு எந்தப் பாலிசியும் கிடையாது. உன்ன மாதிரி நாலு பேராலதான் என் சட்டையையும் துவைச்சதுன்னு சொல்றான்.” தம்பி அன்றிலிருந்து அந்த வீட்டுப் பக்கம் தலைகாட்டுவதில்லை.

கெடு நெருங்கியது. கம்பெனி 200 ரூபாய்க் கூப்பன் தருவதாகச் சொன்னது. சித்தப்பா பதிலே எழுதாமல் 1915-க்குப் போன் போட்டார். தேசிய நுகர்வோர் உதவி எண். தமிழிலேயே பேசினார், தமிழிலேயே பதிவு செய்தார்கள். அதற்குமேல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கான மனுவும் ஃபைலில் தயார். எதிர்வீட்டுக்காரர் தலையில் அடித்துக்கொண்டார்.

“எண்ணூறு ரூபாய்க்குக் கேஸா சார்? வக்கீல் ஃபீஸ், ஆட்டோ செலவு...”

“வக்கீல் வேண்டியதில்ல, நானே பேசலாம். பொருளோட விலை 5 லட்சம் வரைக்கும் கட்டணமே கிடையாது. கம்பெனி பெங்களூர்ல இருந்தா என்ன, டில்லியில இருந்தா என்ன, நான் குடியிருக்கிற மாவட்டத்துல போடலாம். ரெண்டு வருஷம் டைம் இருக்கு. ஆன்லைன்லயே தாக்கல் பண்ணலாம், ஆட்டோ எதுக்கு? சார், எண்ணூறு ரூபாய்க்கு எவன் அலைவான்னு நீங்க கேக்கிறீங்க பாருங்க, அதே கேள்வியத்தான் அவனும் கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கான். வேண்டாம்னு விட்டுட்டுப் போறவங்களோட எண்ணூறையெல்லாம் கூட்டிப் பாருங்க.”

எதிர்வீட்டுக்காரர் கூட்டிப் பார்த்திருக்கவேண்டும். அன்று மாலை ஒரு பழைய செருப்பு டப்பாவோடு வந்து, “சைஸ் தப்பா அனுப்பிட்டான் சார், போன வருஷம்” என்றார். சித்தப்பா தேதியை விசாரித்தார். கெடுவுக்குள்தான் இருந்தது.

உதவி எண்ணுக்குப் போன புகார் வேலை செய்தது. 799 ரூபாய் வங்கிக் கணக்குக்கே வந்துசேர்ந்தது. கூடவே ஒரு கடிதம்: “நல்லெண்ண அடிப்படையில் வழங்குகிறோம்.” சித்தப்பாவுக்குப் பணம் வந்த மகிழ்ச்சி பறந்துவிட்டது. “இவன் நல்லெண்ணத்தை எவன் கேட்டான்? என் காசு!” பதில் கடிதம் இரண்டு பக்கம் போயிற்று. வீட்டில் எல்லாரும் சேர்ந்துதான் மூன்றாவது பக்கத்தைத் தடுத்தோம்.

இவ்வளவுக்கும் நடுவில் மனிதருக்கு உடுத்தச் சட்டை இல்லை என்பதைச் சித்தி மட்டும்தான் கவனித்திருந்தார். கடைத்தெருவுக்குப் போய், துணியைத் தொட்டுப் பார்த்து, பேரம் பேசி, கருநீலத்திலேயே ஒன்று வாங்கிவந்தார். சித்தப்பா போட்டுப் பார்த்தார். அளவு கச்சிதம், நிறம் கச்சிதம். தோள்பட்டைத் தையலைத் தடவித் தடவிப் பார்த்தார், குறை கிடைக்கவில்லை.

“நல்லாத்தான் இருக்கு. பில்லு எங்கே?”

“தெரிஞ்ச கடைதானேங்க. பில்லெல்லாம் போடலை.”

சித்தப்பா நிமிர்ந்தார். “பில்லு போடலையா? கேட்டியா, குடுக்கலையா? அதுவும் முறையற்ற வணிகம்தான். அதே ஆக்ட், அதே பிரிவு!”

புதுச் சட்டையோடேயே கடைக்குக் கிளம்பிவிட்டார்.