ஆறு மணியைக் காணவில்லை

“இது செகண்ட் பார்க்கிறதுக்கு இல்ல சார், ஒரு அழகுக்கு.”

போன சனிக்கிழமை ஒரு கடையில், வெள்ளைக் கையுறை போட்ட பையன் சொன்னது. விலைச் சீட்டு கவிழ்ந்து கிடந்தது. நிமிர்த்திப் பார்த்தேன், பிறகு நானே மரியாதையாகக் கவிழ்த்து வைத்தேன். அத்தனை பணத்துக்கு, ஆறு மணி இருக்கவேண்டிய இடத்தில் ஒரு குட்டி வட்டம் போட்டு அதில் நொடி முள்ளைக் கொடுத்துவிட்டு, அதைப் பார்க்காதே என்கிறான். வீட்டுக்கு வந்து படத்தைக் காட்டினால் மனைவி, “ஏங்க, மத்த ரெண்டு முள்ளும் நடு வீட்டுல இருக்கு, இது மட்டும் ஏன் திண்ணையில?” என்கிறாள். அவளுக்குப் பதில் சொல்லலாம். அந்தப் பையன் சொன்னதில்தான் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

எந்த வாட்ச் வாங்கலாம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். நீங்களும் ராத்திரி போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு 38.5 மில்லிமீட்டருக்கும் 39 மில்லிமீட்டருக்கும் நடுவே தூக்கம் தொலைத்தவர்தான். மணிக்கட்டை நூலால் அளந்து ஸ்கேலில் வைத்துப் பார்த்தவர்தான். எனவே நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

கைக்கடிகாரத்துக்குள் நாலாவது சக்கரம் என்று ஒன்று உண்டு. பெரும்பாலான பழைய இயந்திரங்களில் அது நிமிடத்துக்கு ஒரு சுற்று தானாகவே சுற்றும். அதன் அச்சைக் கொஞ்சம் நீட்டி, மேலே ஒரு முள்ளைச் சொருகினால் நொடி முள் தயார். அதே முள்ளை நடுவில் கொண்டுவந்து வைக்கத்தான் கூடுதல் ஏற்பாடெல்லாம் தேவைப்பட்டது. ஆக, இந்தக் குட்டி வட்டம் அன்றைக்கு வேலை மிச்சம். படேக் பிலிப் கம்பெனி 1932இல் கொண்டுவந்த முதல் கலத்ராவா வாட்ச், 31 மில்லிமீட்டர் அகலம், அதிலும் இந்த வட்டம்தான். இன்றைக்கு இதற்குப் பாரம்பரியம் என்று பேர். பேர் வைத்த கூலி விலையில் சேர்ந்துவிடுகிறது.

அதுகூடப் போகட்டும். ஆறு மணி என்ன பாவம் செய்தது?

ஜெர்மனியில் கிளாஸ்ஹூட்டே என்று ஒரு சின்ன ஊர். அங்கே செய்கிற நோமோஸ் டாங்கெண்டே வாட்சைப் பாருங்கள்: 12, 2, 4, பிறகு ஒரு வட்டம், பிறகு 8, 10. அதே ஊர் லாங்கே கம்பெனியின் 1815 மாடலில் எல்லா எண்ணும் வரிசையாக நிற்கும், ஆறு மட்டும் ஆப்சென்ட். இன்னும் சிலர் முழுசாக எடுக்கவும் மனசில்லாமல் ஆறின் தலையைச் சீவிவிட்டுக் கீழே வயிற்றை மட்டும் விட்டுவைப்பார்கள். அந்த மிச்சத்தைப் பார்த்தால் மூன்றா, ஐந்தா, ஆறா, எட்டா என்று பிரேதப் பரிசோதனைதான் செய்யவேண்டும். வெட்டியே தீரவேண்டும் என்றால் பதினொன்றை வெட்டியிருக்கலாம். பதினொரு மணிக்கு இந்த ஊரில் என்ன நடக்கிறது? ஏழை எடுத்தாலும் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆறு அப்படியா? காலை ஆறுக்குப் பால் பாக்கெட் வரும். சாயங்காலம் ஆறுக்கு விளக்கு வைக்கவேண்டும். ஞாயிற்றுக்கிழமை ராகுகாலம் நாலரைக்குப் பிடித்து விடுவதே ஆறுக்குத்தான். பெண் பார்க்க வந்த கூட்டம் பஜ்ஜியை முடித்துவிட்டுத் தாம்பூலம் மாற்றாமல் உட்கார்ந்திருப்பது அந்த ஆறுக்காக. ஆறுமுகனைக் கும்பிடுகிற ஜனங்களிடம் வந்து, ஆறைச் சுரண்டிவிட்டு, அந்தக் குட்டி வட்டத்தின் உச்சியில் 60 என்று எழுதிக் காட்டுகிறார்கள். ஆறு கேட்டால் அறுபது. கணக்கு வாத்தியார் யாரோ பழிவாங்கியிருக்கிறார்.

இதில் ஆறு தப்பிப்பதற்கும் ஒரு வழி இருக்கிறது. மூடியில்லாத பாக்கெட் வாட்சில் சாவி கொடுக்கிற திருகு பன்னிரண்டில் இருக்கும், நொடி வட்டம் ஆறில். அந்த இயந்திரத்தை அப்படியே கையில் கட்டினால் திருகு மூன்றுக்கு வரும். வட்டம் ஒன்பதுக்குப் போய்விடும். பனெராய் கம்பெனியின் லூமினோர் மரீனா மாடலில் நடந்திருப்பது இதுதான். ஆறு பிழைத்தது. ஒன்பது காலி.

இன்னொரு கொடுமை, வட்டத்தின் இருப்பிடம். அது இயந்திரம் சொல்கிற இடத்தில்தான் நிற்கும். படேக் 5196 என்றொரு மாடல். வாட்ச் 37 மில்லிமீட்டர், உள்ளே இருந்த இயந்திரம் 21.9 மில்லிமீட்டர். வட்டம் நடு அச்சோடு ஒட்டிக்கொண்டு, விளிம்புப் பக்கம் காலி மனை விட்டிருந்தது. 2021இல் 6119 வந்தபோதுதான் உள்ளே 31 மில்லிமீட்டர் இயந்திரத்தை வைத்து வட்டத்தைக் கீழே இறக்கினார்கள். இப்போது இடம் சரி, கண் சரியில்லை. எனக்கு வெள்ளெழுத்து. கண்ணிமை முடி கனத்தில் ஒரு முள், ஒரு சட்டைப் பொத்தானுக்குள் அறுபது கோடு. கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்ப்பதற்குள் அந்த நொடி போய், அடுத்த நிமிடமும் பாதி போயிருக்கும். போதாததற்கு மணிக்கொரு தடவை, அரை மணி அடிக்கிற நேரத்துக்கு, நிமிட முள் வந்து வட்டத்தின் மேலேயே படுத்துக்கொள்கிறது.

செகண்ட் பார்க்கிறதுக்கு இல்லையாம்! 1928இல் ரோலெக்ஸ் பிரின்ஸ் என்று நீள்சதுரமாக ஒன்று வந்தது. மேலே மணி, கீழே தனியாக, கிட்டத்தட்ட அதே அளவில் நொடி வட்டம். டாக்டர்கள் நாடி பார்க்க வசதி. அந்தப் பையனின் நாடியைப் பிடித்து எண்ணிக் காட்டியிருக்கவேண்டும். என்னுடையதை எண்ணியிருந்தால் அங்கேயே அட்மிட் பண்ணியிருப்பார்கள்.

சரி, எதை வாங்குவது என்று கேட்கிறீர்கள். முதலில் வாரைப் பாருங்கள். இந்த ரக வாட்சுகளில் பல முதலைத் தோல் வாரோடுதான் வரும், ஸ்விட்சர்லாந்து குளிருக்குத் தோதாக. சென்னை மே மாதத்தில் மாம்பலம் ஸ்டேஷன் படி ஏறி இறங்கினால் அது ஊறுகாய்தான். பலவற்றின் பின்னால் 30 மீட்டர் என்று பொறித்திருக்கும். நம்பிக் குளத்தில் இறங்கிவிடாதீர்கள், கை கழுவும்போது நாலு சொட்டுத் தெறித்தால் தாங்கும் என்று அர்த்தம். மாற்று வார் என்ன விலை என்று அந்தப் பையனிடம் கேட்டேன். அதற்கும் ஒரு சீட்டு வைத்திருந்தான், கவிழ்த்து.