சைல்டு தீம் காணாமற்போதல்: ஒரு குலமரபியல் ஆய்வு

வேர்ட்பிரஸ் தளத்துக்கு மெனக்கெட்டு ஒரு சைல்டு தீம் செய்து, சர்வரில் ஏற்றி, டேஷ்போர்டில் தீம்கள் பக்கத்தைத் திறந்தால் ஆளைக் காணோம். இந்நிகழ்வு குறித்து அறிஞரிடையே மூன்று கொள்கைகள் நிலவுகின்றன. முதலாமவர் ரெஃப்ரெஷ் மரபினர்: ஒருமுறை வராதது ஓயாமல் அழுத்தினால் வரும் என்பர். இரண்டாமவர் கேச் வாதிகள்: உலகத் துன்பம் யாவற்றுக்கும் கேச்சே மூலம். மூன்றாமவர் எதுவும் பேசாமல் ஹோஸ்டிங் கம்பெனிக்கு டிக்கெட் போடுவோர். இம்மூவரில் எவரும் அந்தப் பக்கத்தை அடிவரை உருட்டிப் பார்த்ததில்லை என்பதே இவ்வாய்வின் முதல் முடிபு.

பார்த்திருந்தால், ஆகக் கீழே, பழுதான தீம்கள் என்ற தலைப்பின்கீழ் பிள்ளை சாவகாசமாக உட்கார்ந்திருப்பது தெரிந்திருக்கும். பக்கத்திலேயே காரணமும் எழுதியிருக்கும்: பேரண்ட் தீம் இல்லை, நிறுவவும். தகப்பனோ அதே பக்கத்தில், மேலே, ஆக்டிவேட் ஆகி, தளத்தையே தாங்கிக்கொண்டிருக்கிறான். பிறகு ஏன் இந்தக் குழப்பம்?

தீம் என்ற ஏற்பாடு வேர்ட்பிரஸ்ஸுக்கு 2005-இல், 1.5 பதிப்பில்தான் வந்தது. வந்த தீமில் ஆளாளுக்குக் கைவைத்தார்கள். அடுத்த அப்டேட் வந்து அத்தனையையும் வழித்துக்கொண்டு போயிற்று. அதற்குப் பரிகாரமே சைல்டு தீம். மாற்றமெல்லாம் மகனிடம் இருக்கும், தகப்பன் பாட்டுக்கு அப்டேட் ஆவான். இந்த உறவை நிறுவ வேர்ட்பிரஸ் ரத்தப் பரிசோதனை எதுவும் செய்வதில்லை. ஸ்டைல்.சிஎஸ்எஸ் ஃபைலின் தலையில் 'டெம்ப்ளேட்' என்று ஒரு வரி. அதில் எழுதிய பெயரில் ஒரு தீம் ஃபோல்டர் இருக்கிறதா என்று பார்க்கிறது, அவ்வளவுதான். வாரிசுச் சான்றிதழ் கேட்டுப் போனவரிடம், தகப்பனார் பெயரில் ஓரெழுத்து இடிக்கிறது என்று மனுவைத் திருப்பிக் கொடுக்கும் தாலுகா ஆபீஸ் கறார் இதில் அப்படியே இருக்கிறது.

டெம்ப்ளேட் வரியில் எழுதவேண்டியது ஊரார் கூப்பிடும் பெயரன்று, ஃபோல்டரின் பெயர். 'ட்வென்டி ட்வென்டி-ஒன்' என்று டேஷ்போர்டில் இடைவெளியும் கோடுமாக மிடுக்கோடு நிற்கும் தீமுக்கு, ஃபோல்டரில் பெயர் எல்லாம் சின்னெழுத்தில், மூச்சுவிடாமல் சேர்த்து எழுதிய 'ட்வென்டிட்வென்டிஒன்'. மரியாதையாக முழுப்பெயர் எழுதியவன் பிள்ளை அநாதையாகிறது. இன்னொரு கிளை வழக்கும் உண்டு. விண்டோஸ் ஃபோல்டர் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து பேதம் பாராட்டாது. லினக்ஸ் சர்வர் பாராட்டும். எனவே லேப்டாப்பில் தகப்பன் மடியில் இருந்த பிள்ளை, சர்வருக்குப் போனதும் தெருவில் நிற்கும். கிட்ஹப்பிலிருந்து ஜிப்பாக இறக்கினால் தகப்பன் பெயருக்குப் பின்னாலேயே '-மெயின்' என்ற பட்டம் ஒட்டிக்கொண்டு வரும். பிள்ளை பழைய பெயரையே சொல்லிக்கொண்டிருக்கும்.

அந்த வரியே இல்லாவிட்டால் நிலைமை இன்னும் சுவையானது. தகப்பன் பெயர் சொல்லாதவனை வேர்ட்பிரஸ் தனிக்குடித்தனக்காரன் என்றே கொள்ளும். 'அப்படியானால் உன் இன்டெக்ஸ் ஃபைல் எங்கே?' என்று கேட்கும். பாவம், அவனிடம் ஏது? வரி இருந்தும் பயனற்றுப் போவதும் உண்டு: ஃபைலின் முதல் 8 கேபிக்குள் இருப்பதை மட்டுமே அது படிக்கும். உச்சியில் நீளநீளமாக லைசென்ஸ் புராணம் ஒட்டிவிட்டு அதற்குக் கீழே குலத்தைச் சொல்பவர் கவனிக்க. நோட்பேட் காதுங்காதும் வைத்ததுபோல் 'ஸ்டைல்.சிஎஸ்எஸ்.டிஎக்ஸ்டி' என்று சேமித்துவைப்பதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, அது பாலபாடம்.

பேரன்களுக்கு இடமே கிடையாது. சைல்டு தீமையே தகப்பனாகக் காட்டி இன்னொரு சைல்டு தீம் செய்தால், இவன் தகப்பனாகத் தகுதியற்றவன் என்று வேர்ட்பிரஸ் முகத்துக்கு நேரே சொல்லிவிடும். மூன்று தலைமுறைக் கூட்டுக்குடும்பத்தில் இதற்கு நம்பிக்கையில்லை. மல்ட்டிசைட் என்றால் வேறு பஞ்சாயத்து: பிள்ளை, தகப்பன், பெயர் எல்லாம் சரியாக இருந்தும், நெட்வொர்க் அட்மின் அனுமதி கொடுக்காதவரை கிளைத்தளத்தில் தலைகாட்டாது.

பரிகாரம் சிறியது. ஃபோல்டர் பெயரைக் கையால் டைப் செய்யாமல், அங்கிருந்தே காப்பி எடுத்து டெம்ப்ளேட் வரியில் ஒட்டவும். பிள்ளை மேலே ஏறி, தகப்பன் பக்கத்தில் வரிசையில் நிற்கும். ஆக்டிவேட் செய்யலாம். செய்த கையோடு கிளையண்டிடமிருந்து போன் வரும்: லோகோ எங்கே? கஸ்டமைசரில் போட்ட லோகோவும் நிறங்களும் அந்தந்தத் தீமின் பெயரிலேயே டேட்டாபேஸில் பதிவாகின்றன. மகன் தகப்பனின் டெம்ப்ளேட்டுகளுக்கு வாரிசு. கஸ்டமைசர் சொத்தில் அவனுக்குப் பங்கில்லை. லோகோவை மறுபடி போட வேண்டியதுதான்.