மூழ்கிய கப்பலில் பேய்க்கு வேலை உண்டா? அச்சவியல் நோக்கில் ஓர் ஆய்வு

அச்சம் பிறக்கும் இடம் நான்கு என்று மெய்ப்பாட்டியலில் தொல்காப்பியர் கணக்கை முடித்துவிட்டார்: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. உரையாசிரியர்கள் அதை விரித்தார்கள். மாணவர்கள் ஐந்து மதிப்பெண்ணுக்கு மனப்பாடம் செய்தார்கள். ஆனால் முதுகில் சிலிண்டர் கட்டி, வாயில் ரெகுலேட்டரைக் கடித்துக்கொண்டு, மூழ்கிய கப்பலுக்குள் தலையை நீட்டிப் பார்த்தவர் அவர்களில் எவருமில்லை. ஆகவே நீருக்கடியில் அச்சம் பிறக்கும் விதம் பற்றிய இயல் இன்றுவரை எழுதப்படாமலே கிடக்கிறது. அதை எழுதும் பொறுப்பு, வேறு யாரும் முன்வராத காரணத்தால், இக்கட்டுரையின் தலையில் விழுந்திருக்கிறது.

முதலில் எல்லை வகுப்போம். கடலடியில் கிடக்கும் கப்பலுக்குள் உயிருள்ளவர் சிலர் நுழைய, உள்ளே உயிரில்லாத ஒருவர் முன்பே குடியிருக்க, நுழைந்தவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்துவரும் கதையே இங்கு ஆய்வுப்பொருள். மிதக்கும் கப்பலின் பேய் விலக்கப்படுகிறது. அதற்குக் காற்றோட்டமான வேலை. 1977-இல் வந்த ‘தி டீப்’ படத்தில் பெர்முடா கடலடியில் சிதைந்த கப்பல் உண்டு, விலாங்கு வகையைச் சேர்ந்த ராட்சத மீன் உண்டு, போதைமருந்துக்காக எதையும் செய்யத் துணிந்த கூட்டம் உண்டு. பேய் மட்டும் இல்லை. விலங்கும் கள்வரும் வந்துவிட்டதால் தொல்காப்பிய முறைப்படி பாதி மதிப்பெண் கொடுத்து அனுப்பிவிடலாம்.

வரலாறு சுருக்கமானது. 1869–70-இல் தொடராக வந்த ழூல் வெர்னின் கடலடிப் பயண நாவலில், நாட்டிலஸின் கண்ணாடிச் சன்னல் வழியே சற்று முன் மூழ்கிய கப்பலொன்று தெரிகிறது. சுக்கானைப் பிடித்தபடியே இறந்துபோன மாலுமி, இன்னும் கப்பலை ஓட்டிக்கொண்டிருப்பவரைப் போலவே நிற்கிறார். வேலைநேரம் முடிந்தும் இடத்தைவிட்டு நகராத அவரையே இத்துறையின் மூத்த ஊழியராகக் கொள்ளலாம். 1909-இல் வில்லியம் ஹோப் ஹாட்சன் எழுதிய ‘தி கோஸ்ட் பைரேட்ஸ்’ நாவலில் நடப்பது வேறு: கடலிலிருந்து உருவங்கள் கப்பலுக்கு ஏறி வருகின்றன. அதாவது அக்காலத்தில் போக்குவரத்துச் செலவு பேயினுடையது. 1943-இல் ஜாக் கூஸ்தோவும் எமில் காஞ்ஞனும் அக்வாலங் என்ற நீரடிச் சுவாசக் கருவியை உருவாக்கியபின், மனிதனே கைக்காசைப் போட்டுப் பேயின் வாசலுக்குப் போய் நிற்கிறான். இப்படியொரு சலுகையைப் பேய்க்குலத்துக்கு வேறு எந்தக் கண்டுபிடிப்பும் தந்ததில்லை.

அந்தச் சலுகையைப் பேயால் அனுபவிக்க முடிகிறதா எனின், முடியவில்லை என்பதே எம் துணிபு. என்னை? பேயை அறியும் குறிகள் நம் ஊர் வழக்கில் அனைவரும் அறிந்தவை: கால் தரையில் பாவாது, தலைமுடி விரிந்து பறக்கும், மல்லிகை மணக்கும், சலங்கை கேட்கும், தூரத்தில் நாய் ஊளையிடும். இவற்றை 30 மீட்டர் ஆழத்தில் வைத்துச் சோதித்துப் பாருங்கள். அங்கே யாருக்குமே கால் பாவாது. முடி எல்லாருக்கும் பறக்கும். மூக்கை மாஸ்க் மூடியிருப்பதால் மல்லிகை வீண். நாய்க்கு வழியில்லை. வெள்ளைச் சேலையை ஜெல்லி மீன் என்று நினைத்து ஒதுங்கிப் போய்விடுவார்கள். மாறாக, உள்ளே நுழையும் மனிதனோ தரை தொடாமல் மிதக்கிறான், தலையில் வெளிச்சம் எரிகிறது, மூச்சு ‘உஸ்’ஸென்று இரைகிறது, முகம் தெரியவில்லை. அந்தக் கப்பலில் குடியிருக்கும் கலவா மீனிடம் கேட்டால் யாரைப் பேய் என்று கைகாட்டும் என்பதில் ஐயமில்லை. மீனுக்குக் கையில்லை என்பது வேறு விஷயம்.

சரி, வேலைகளையாவது பார்ப்போம். திசை தெரியாத குரல் எழுப்புவது பேயின் அடிப்படைத் தகுதி. தண்ணீரில் ஒலி, காற்றில் போவதைவிட நான்கு மடங்குக்கு மேல் வேகமாகப் போகிறது. இரண்டு காதுக்கும் ஏறத்தாழ ஒரே நேரத்தில் எட்டிவிடுவதால், எந்தப் பக்கமிருந்து வந்தது என்று மூளையால் சொல்ல முடியாது. கூட வந்தவர் தன் சிலிண்டரைத் தட்டினாலே எட்டுத் திசையிலும் யாரோ தட்டுவார்கள். உருவத்தைப் பெரிதாக்கிக் காட்டும் வேலையை மாஸ்க்கின் கண்ணாடி செய்துவிடுகிறது. ஒளி வளைவதால் எதுவும் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும், உள்ளதைவிடக் கிட்டத்திலும் தெரியும். ரத்தம் காட்டுவதில்தான் பேயின் நிலை பரிதாபம். நீர் முதலில் விழுங்கும் நிறம் சிவப்பு. 20 மீட்டருக்குக் கீழே விரலை அறுத்துக்கொண்டால் பச்சையாகக் கசியும். தொழிலின் மூலதனமான நிறத்தையே பறித்துக்கொண்டு ஒருவரைத் தொழில் நடத்தச் சொல்வது நியாயமில்லை. டார்ச் அடித்தால் சிவப்பு திரும்பிவிடும். ஆனால் டார்ச் எப்போதும் எதிராளியின் கையில் இருக்கிறது.

பொருள்களைத் தானாக விழவைப்பதும் கண்ணைக் கட்டுவதும் முக்குளிப்பவரே தனக்குச் செய்துகொள்ளும் காரியங்கள். அவர் விட்ட மூச்சுக் குமிழிகள் மேலே போய் முட்டிக் கூரைத் துருவை அவர் தலைமேலேயே உதிர்க்கும். ஃபின் ஒருமுறை தரையை உரசினால் போதும், பல பத்தாண்டு வண்டல் எழுந்து தன் கைவிரலே தனக்குத் தெரியாது. வந்த வழிநெடுகக் கட்டிவைத்த கயிறு அப்போது கையில் இல்லையென்றால், பேய் வந்து சேர்வதற்குள் கதை முடிந்துவிடும். செங்கடலில் 1941 அக்டோபர் 6 அன்று ஜெர்மானியக் குண்டுவீச்சில் மூழ்கிய திசில்கார்ம் சரக்குக் கப்பலில் மோட்டார் சைக்கிள்கள் இன்னும் நிற்கின்றன. ரப்பர் பூட்ஸுகள் குவிந்து கிடக்கின்றன. பார்க்க வருகிறவர்கள் விடும் மூச்சு அதன் தளங்களுக்கடியில் தங்கி, இரும்பை இன்னும் விரைவாகத் துருவேற்றுகிறது. அங்கே வீட்டை இடிப்பவர் விருந்தாளி.

புத்தியைக் கலக்கும் பணியாவது மிஞ்சியிருக்குமா என்றால், அதை நைட்ரஜன் எடுத்துக்கொண்டது. சாதாரணக் காற்றைச் சுவாசித்தபடி 30 மீட்டர் தாண்டினால், அழுத்தத்தால் நைட்ரஜனே போதையாகத் தலைக்கேறும். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு கிளாஸ் மார்ட்டினி என்பது முக்குளிப்பவர்களிடையே புழங்கும் வாய்க்கணக்கு. சிலருக்குக் குஷி, சிலருக்குக் காரணமில்லாத கிலி. சற்று மேலே வந்தால் தெளிந்துவிடும். மறுநாள் தலைவலிகூட இல்லை. இப்படி ஏற்கெனவே ‘ஏற்றிக்கொண்டு’ வந்தவரின் முன்னால் தோன்றி மிரட்டும் பேய்க்கு, அதன் உழைப்புக்குரிய மரியாதை கிடைக்குமா?

இங்கே பூர்வபட்சி குறுக்கிடுவார்: உண்மையிலேயே உள்ளே ஒருவர் இருந்தால்? இருக்கிறார். 1927 டிசம்பரில், வட அமெரிக்காவின் சுபீரியர் ஏரியில், ஐல் ராயல் தீவருகே கம்லூப்ஸ் என்ற சரக்குக் கப்பல் புயலில் காணாமல் போனது. ஐம்பது ஆண்டு கழித்து 1977-இல்தான் கண்டுபிடித்தார்கள். சரக்கோடு சரக்காக மிட்டாய்ப் பெட்டிகள்கூட அதில் இருந்தன. அதன் எஞ்சின் அறையில் கப்பல் ஊழியர் ஒருவரின் உடல், கொழுப்பு சோப்பு போன்ற மெழுகாக மாறி, வெளிறிப்போய் உருக்குலையாமல் தங்கிவிட்டது. அந்த ஏரியின் ஆழக் குளிரில் நுண்ணுயிர்கள் பெருகுவதில்லை. உடல் அழுகி வாயு உண்டாவதில்லை. அதனால் மூழ்கியவர் மேலே மிதந்து வருவதில்லை. முக்குளிப்பவர்கள் அவருக்கு ‘ஓல்டு வைட்டி’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். அறைக்குள் போனால் பின்தொடர்ந்து வருகிறார் என்றும் சொல்வதுண்டு. போகிறவரின் கால் கிளப்பும் நீரோட்டம் இழுக்கிறது, அவ்வளவே. இவ்வாய்வில் கேலி செய்ய மனம் வராத இடம் இது ஒன்றே. அவரைக் கதைக்குள் கொண்டுவந்து கதவை அறைந்து சாத்தவைக்கும் எழுத்தாளர்மேல் கொஞ்சம் கோபமே வருகிறது.

கதைகள் மொத்தமாகத் தாண்டிக் குதிக்கும் ஒரு கட்டத்தையும் பதிவு செய்தாக வேண்டும். பேயிடமிருந்து தப்பிய நாயகன் ‘விர்’ரென்று மேலே வந்து படகைப் பிடிக்கிறான். நடவாது. 70 மீட்டர் ஆழத்தில் அரை மணிகூட இருக்காதவர், ரத்தத்தில் கரைந்த வாயு குமிழியாகாமல் வெளியேற, நிலைநிலையாக நின்று ஏற ஒரு மணிக்கு மேல் ஆகும். கடைசி நிலை சுமார் 6 மீட்டரில். படகின் அடிப்பாகம் தலைக்கு மேல் தெரியும், போக முடியாது. கயிற்றைப் பிடித்தபடி தொங்க வேண்டியதுதான். பேய்க்குத் தொழில் தெரிந்திருந்தால் கப்பலுக்குள் துரத்துவதை விட்டுவிட்டு, சாவகாசமாக இங்கே வந்து பக்கத்துக் கயிற்றில் தொங்கலாம். வாயில் ரெகுலேட்டர் இருப்பதால் ‘வீல்’ என்று கத்தவும் வழியில்லை. இந்தக் காட்சியை ஏன் யாரும் எழுதுவதில்லை என்பது எமக்கு விளங்கவில்லை. தொல்காப்பியரின் ‘இறை’யைத் தேடுவோரும் இங்கேயே காணலாம்: மணிக்கட்டில் கட்டிய டைவ் கம்ப்யூட்டர். தவறு செய்தால் தண்டிக்கும், முறையீட்டுக்கு இடமில்லை.

அப்படியானால் பேயை எதற்காக வைத்திருக்கிறார்கள்? இதற்கு விடை காற்றுக் கணக்கில் இருக்கிறது. 30 மீட்டரில் அழுத்தம் நான்கு மடங்கு. மேலே ஒரு மணி நேரம் வரும் சிலிண்டர் அங்கே கால் மணிதான் வரும். ஆகவே உள்ளே போக மூன்றில் ஒரு பங்கு, திரும்ப ஒரு பங்கு, ஆபத்துக்கு ஒரு பங்கு என்பது விதி. முதல் பங்கு தீர்ந்ததும் திரும்பிவிடுகிறவருக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. அவரை வைத்துக் கதையும் எழுத முடியாது. எனவே கதைக்கு வேண்டியது கொலையாளி அல்லன். நாயகனை ஐந்தே நிமிடம் நிறுத்திவைக்க ஓர் ஆள். ‘சாப்பாட்டு நேரம், உட்காருங்க’ என்று சொல்லும் அலுவலக குமாஸ்தாவின் வேலை. குமாஸ்தா யாரையும் கொல்வதில்லை; மிச்சத்தைக் காலம் பார்த்துக்கொள்ளும்.

நிஜத்தில் அந்த ஐந்து நிமிடத்தை விழுங்கியது எது? 1956 ஜூலை 25 இரவு, நாண்டக்கெட் தீவுக்குத் தெற்கே மூடுபனியில் ஸ்டாக்ஹோம் கப்பலோடு மோதி மறுநாள் காலை மூழ்கிய ஆண்ட்ரியா டோரியாவை எடுத்துக்கொள்ளுங்கள். 70 மீட்டருக்கும் கூடுதலான ஆழம். கப்பல் வலப்பக்கமாகச் சாய்ந்து படுத்ததில் சுவர் தரையானது. குறுக்கு நடைபாதைகள் கிணறுகளாயின. அங்கே இறங்கி உயிரிழந்தவர் பத்துக்கும் மேல். அவ்வளவு தூரம் உள்ளே ஆட்களை இழுத்த பொருள்களில் முக்கியமானது பீங்கான்: உணவுக்கூடத்துத் தட்டு, கோப்பை, கப்பலின் முத்திரை பதித்த சாசர். இதை அப்படியே நாவலாக எழுதினால் எந்தப் பதிப்பாளர் ஏற்பார்? நாயகன் சாசருக்காகக் காற்றை இழந்தான் என்றால் வாசகர் சிரித்துவிடுவார். அதனால் சாசர் இருந்த இடத்தில் ஈரக் கூந்தலுடன் ஒரு பெண் நிறுத்தப்படுகிறாள். கள்வர் என்ற நிலைக்களனை மறைக்க நியமிக்கப்பட்ட பதிலியே அணங்கு. அந்தக் கள்வரும் வெளியிலிருந்து வந்தவர் அல்லர், நாயகனேதான். பேய்க்கு வேலை உண்டு என்று நாம் முடிவு கட்டுவது இந்த ஒரு பணியைக் கருதியே.

ஒரு சட்டச் சிக்கல் எஞ்சியிருக்கிறது. யுனெஸ்கோவின் 2001-ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி, குறைந்தது 100 ஆண்டுகள் நீருக்கடியில் கிடந்தவையே நீரடிப் பண்பாட்டு மரபாகும். கப்பல், சரக்கு, மனித எச்சங்கள் எல்லாம் பட்டியலில் உண்டு. பேயைப் பற்றிப் பேச்சே இல்லை. பட்டியலில் சேர்த்தாலும் டைட்டானிக்கின் பேய் 2012-இல் தகுதி பெற்றிருக்கும். ஆண்ட்ரியா டோரியாவின் பேய் 2056 ஜூலை வரை பொறுத்திருக்க வேண்டும். அதற்குள் அந்தக் கப்பலின் மேல்தளங்கள் சரிந்து ஒன்றன்மேல் ஒன்று விழுந்துவிட்டதால், விண்ணப்பத்தில் அறை எண் என்ற இடத்தில் எதை நிரப்புவது என்பதை இனி வரும் ஆய்வாளர்கள்தான் சொல்ல வேண்டும்.