டைரக்டரியில் பெயர் பதிதலும் அதனால் எய்தும் பேறும்: ஒரு பன்முக ஆய்வு

1. முன்னுரை

புதிதாக வெப்சைட் தொடங்கிய எவரையும் ஓர் ஐயம் பற்றிக்கொள்கிறது. ஐந்நூறு வெப் டைரக்டரிகளில் தளத்தின் முகவரியைப் பதிந்துவைத்தால், ஐந்நூறு பேக்லிங்க், அதாவது பிற தளங்களிலிருந்து நம் தளத்துக்கு வரும் லிங்க், சேர்ந்து, கூகுளின் முதல் பக்கத்துக்கு ஏறிவிடலாமா? களவுக்கும் கற்புக்கும் ஆய்வேடுகளை அடுக்கி வைத்திருக்கும் நம் அறிஞர் உலகம் இந்த ஐயத்தைக் கண்டுகொண்டதாகத் தெரியவில்லை. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை எழுதப்படுகிறது. பதவி உயர்வுக்கு ஒரு கட்டுரை குறைவது இரண்டாவது காரணம்.

விளக்கமுறை, ஒப்பீட்டுமுறை, பகுப்பாய்வுமுறை ஆகிய மூன்றும் இங்கே கையாளப்பட்டுள்ளன. எந்த ஆய்வேட்டைத் திறந்தாலும் இம்மூன்றும் இருப்பதால் இங்கும் இருக்கின்றன. மாதிரிக்காகத் திண்டுக்கல்லில் மாங்காய்ப் பூட்டு விற்கும் ஒரு கடையைக் கற்பித்துக்கொண்டோம். மேற்கோள்கள் யாவும் இக்கட்டுரையிலிருந்தே எடுத்தாளப்படும். சரிபார்க்க நூலகம் வரை போகும் அலைச்சல் வாசகருக்கு இல்லை.

2. முன்னாய்வுகள்

தொல்காப்பியத்தைப் புரட்டினோம். டைரக்டரி பற்றி நூற்பா எதுவும் அகப்படவில்லை. இத்தகைய இக்கட்டில் ஆய்வாளர் வழக்கமாகச் செய்வதை, அதாவது அகப்பட்டுவிட்டதாக எழுதுவதை, இடமின்மையால் தவிர்த்தோம்.

3. வரலாறு

1994 ஜனவரியில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஜெர்ரி யாங், டேவிட் ஃபைலோ என்ற இரு ஆராய்ச்சி மாணவர்கள், தாங்கள் பார்த்த இணையதளங்களையெல்லாம் பட்டியலிட்டு வைக்கத் தொடங்கினர். அதுவே யாஹூ ஆயிற்று. ஆய்வேட்டை எழுதாமல் இருப்பதற்காக ஆராய்ச்சி மாணவர் செய்யும் காரியங்கள் கணக்கில்லாதவை. அவற்றுள் உலகத்துக்குப் பயன்பட்டது இது.

யாஹூ டைரக்டரியில் ஒவ்வொரு தளத்தையும் ஆள் ஒருவர் பார்த்துத்தான் சேர்த்தார். பின்னாளில் வணிகத் தளங்களுக்கு ஆண்டுக்கு 299 டாலர் விதித்தார்கள். அந்தப் பணமும் பரிசீலிப்பதற்கு மட்டுந்தான். சேர்ப்பார்கள் என்ற உறுதி இருக்கவில்லை, மறுத்தால் திருப்பித் தரப்பட்டதும் இல்லை. 2014 இறுதியில் அது மூடப்பட்டது.

யாஹூவின் வேகம் போதாது என்று கருதியவர்கள் 1998இல் வேறொன்றைத் தொடங்கினர். க்னூஹூ என்று பிறந்து, நியூஹூ என்று பெயர் மாறி, அவ்வாண்டே நெட்ஸ்கேப் நிறுவனத்தின் கைக்குப் போய், டிமோஸ் என்று நிலைத்தது அது. காசு கிடையாது, தொகுப்பாளர்கள் எல்லோரும் தன்னார்வலர்கள். கலை, வணிகம், விளையாட்டு என்று கிளைகள் பிரித்தவர்கள், ஆங்கிலம் அல்லாத மொழிகளின் தளங்களுக்கெல்லாம் சேர்த்து 'உலகம்' என்று ஒரு கிளை ஒதுக்கினார்கள். ஆங்கிலம் எங்கே இருந்தது என்பது தனி ஆய்வுக்கு உரியது. 2017 மார்ச் 17 அன்று டிமோஸும் மூடப்பட்டது.

டிமோஸின் பட்டியலை யாரும் இலவசமாகப் படியெடுக்கலாம் என்ற விதி இருந்தது. ஆகவே மூலத்தில் ஒரு முறை இடம்பிடித்தால் எண்ணற்ற படிகளிலும் இடம் கிடைத்தது. கூகுளே ஒரு படி வைத்திருந்தது. கூகுள் டைரக்டரி என்ற அந்தப் படி 2011இல் மறைந்தது. இந்தப் படிகள் பெருகிய காலமே டைரக்டரிக்கு மதிப்பு இருந்த காலம். வெப்மாஸ்டர்களுக்கான தன் வழிகாட்டுதலில் கூகுள், யாஹூவிலும் டிமோஸிலும் பெயர் பதியுமாறு சொல்லிவந்தது. 2008இல் அவ்வரி நீக்கப்பட்டது. சுவடியியலார் கண்ணில் பட்டிருந்தால், நீக்கப்பட்ட வரியை இடைச்செருகல் என்று ஒரு சாராரும், மூலபாடம் என்று மறுசாராரும் இந்நேரம் தனித்தனி மாநாடு கூட்டியிருப்பார்கள்.

4. வகைப்பாடு

டைரக்டரிகள் ஐவகைப்படும்.

அ) ஆள் பார்த்துச் சேர்ப்பவை.

ஆ) இறந்தவை. பெரும்பாலும் (அ) வகையே.

இ) காசு வாங்குபவை.

ஈ) காசு வாங்காமல் பெயரை வாங்கிக்கொள்பவை. இவற்றில் பதிந்ததும் 'பென்டிங்' என்று ஒரு சொல் தோன்றும். அது மூன்று மாதம் இருக்கும், ஆறு மாதம் இருக்கும், டைரக்டரி உள்ளளவும் இருக்கும். பூட்டுக்கடையின் எக்செல் ஷீட்டில் 'ஸ்டேட்டஸ்' என்ற நெடுவரிசை முழுக்க இச்சொல்லே நிற்பதைக் காணலாம். இந்தச் சொல்லுக்கு நிகரான நிலை பல்கலைக்கழகத் தேர்வாணையர் அலுவலகத்தில் மட்டுமே காணப்படுகிறது.

உ) மனிதர் உண்மையிலேயே திறந்து பார்ப்பவை. இவற்றின் தனிச்சிறப்பு பிரிவு 7இல் ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்பட்டுள்ளது. (பிரிவு 7 இன்னும் எழுதப்படவில்லை. எனினும் அதை இப்போதே மேற்கோள் காட்டுவதில் தடையில்லை. 'அச்சில்' என்று போட்டுக் காலம் தள்ளும் மரபு பழையது.)

5. மதிப்புக் கோட்பாடு

யூஜீன் கார்ஃபீல்டு என்பவர் 1955இல் ஒரு யோசனை சொன்னார்: ஓர் ஆய்வுக் கட்டுரையைப் பின்வந்த எந்தெந்தக் கட்டுரைகள் மேற்கோள் காட்டுகின்றன என்று அட்டவணை போட்டால் என்ன? 1964இல் அறிவியல் மேற்கோள் அட்டவணை வெளிவந்தது. 1998இல் லாரி பேஜும் செர்கே பிரின்னும் கூகுளின் அமைப்பை விளக்கி எழுதிய கட்டுரையில், இதே மேற்கோள் எண்ணும் வழக்கத்தை இணையத்துக்குக் கொண்டுவந்ததாக ஒளிக்காமல் சொன்னார்கள். ஒரு தளத்துக்கு இன்னொரு தளம் லிங்க் கொடுத்தால் அது ஒரு மேற்கோள். மதிப்புள்ளவர் காட்டும் மேற்கோளுக்கு மதிப்பு அதிகம்.

ஆக, அறிஞர்கள் ஒருவரை ஒருவர் படித்துவிட்டுத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள் என்ற நம்பிக்கையின்மேல் கூகுள் எழுப்பப்பட்டது. அந்த இருவரும் கம்ப்யூட்டர் துறையினர் என்பதால் இவ்வெகுளித்தனத்தை மன்னிக்கலாம்.

கணக்கு எளிது. ஒரு பக்கத்துக்கு இருக்கும் மதிப்பில் 0.85 பங்கை எடுத்து, அப்பக்கத்திலிருந்து புறப்படும் லிங்குகளின் எண்ணிக்கையால் வகுத்தால், ஒவ்வொரு லிங்குக்கும் போய்ச் சேரும் பங்கு கிடைக்கும். பூட்டுக்கடை இடம்பெற்ற டைரக்டரிப் பக்கத்தில் 200 லிங்குகள் என்று கொள்வோம். அந்தப் பக்கத்துக்கு வெளியிலிருந்து லிங்க் கொடுத்தவர் எவருமில்லை என்றும் கொள்வோம். ஏறத்தாழ ஒன்றுமில்லாததை 0.85ஆல் பெருக்கி, 200ஆல் வகுத்து, அதைப் பூட்டுக்கடைக்குக் கொடுக்க வேண்டும். பூட்டுக்கடைக்காரர் இதைவிடப் பெரிய தொகையைச் சில்லறை இல்லை என்று விட்டுக்கொடுத்திருப்பார்.

6. பரஸ்பரம்: ஒரு தனி ஆய்வு

(இ), (ஈ) வகை டைரக்டரிகள் பல ஒரே மென்பொருளில் வார்த்தவை. அவற்றின் படிவம் மூன்று வழிகளைத் தரும். ஒன்று 'ஃபீச்சர்டு': காசு கொடு, மேலே வைக்கிறேன். இரண்டு 'ரெகுலர்': காத்திரு. மூன்று 'ரெகுலர் வித் ரெசிப்ரோகல்': என் முகவரியை உன் தளத்தில் வை, உன் முகவரியை என்னிடத்தில் வைக்கிறேன்.

இம்மூன்றாம் வழி டைரக்டரிக்காரர்களின் கண்டுபிடிப்பு என்று கருதுவோர் எந்தத் தமிழ்த்துறையிலும் ஒரு மதியப்பொழுதைக் கழித்ததில்லை. தம் நூலுக்கு அணிந்துரை தந்தவரின் நூலுக்கு மதிப்புரை எழுதாத பேராசிரியர் உண்டா? வழிகாட்டியின் நூலை மேற்கோள் காட்டாத ஆய்வேடு பென்டிங்கில் கிடக்கும் (பார்க்க: பிரிவு 4, ஈ). பிரிவு 4இன் கூற்று எவ்வளவு சரியானது என்பதற்கு இப்பத்தியே சான்று. இப்பத்தி எவ்வளவு சரியானது என்பதற்குப் பிரிவு 4 சான்று.

இப்படி இருவர் மாறிமாறிக் காட்டிக்கொண்டால் கூகுள் கண்டுபிடித்துவிடுகிறது என்று தெரிந்ததும், தொழில்காரர்கள் மூவழி முறைக்குப் போனார்கள். முதலாமவர் இரண்டாமவரைக் காட்டுவார், இரண்டாமவர் மூன்றாமவரை, மூன்றாமவர் முதலாமவரை. இக்கட்டுரையும் அவ்வாறே முன்னேறுகிறது. இப்பத்தி பிரிவு 3ஐ நம்பியிருக்கிறது (பிரிவு 3, 'தனி ஆய்வுக்கு உரியது' என்னும் இடம்). பிரிவு 3 சொல்லும் தனி ஆய்வு, பிரிவு 9இல் இருக்க வேண்டியது (பிரிவு 9, முழுவதும்; இக்கட்டுரையில் பிரிவு 9 இல்லை). இல்லாத பிரிவு 9, தன் முடிவுகளுக்கு இப்பத்தியையே ஆதாரமாகக் கொள்ளும் (பிரிவு 9, மேலது, மேலது, மேலது, மேலும் ஒப்புநோக்குக: இதே வாக்கியம், தொடக்கம்). வட்டம் முழுமை பெற்றது. இக்கட்டுரை இப்போது துறையில் அதிகமாக மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரை. துறையில் வேறு கட்டுரை இல்லை.

கூகுள் இந்த லிங்க் வலையைக் கண்டுபிடிக்கப் பெரிய மேதைமை தேவைப்படவில்லை. ஒரே அச்சில் வார்த்த நூறு தளங்கள். நூறிலும் 'திண்டுக்கல் பூட்டு வாங்க' என்ற ஒரே ஆங்கர் டெக்ஸ்ட், அதாவது லிங்கைத் தாங்கும் சொற்றொடர். ஒரே விளக்கவுரை, 'சிறந்த' என்பதை மட்டும் 'தலைசிறந்த' என்று மாற்றியது. அதே பக்கத்தில் பூட்டுக்கு மேலே பல் மருத்துவர், கீழே சூதாட்டத் தளம். 2012 ஏப்ரலில் வந்த கூகுளின் பெங்குயின் அப்டேட் இத்தகைய லிங்குகளை நம்பி மேலே ஏறிய தளங்களைக் கீழே தள்ளியது. தரமற்ற டைரக்டரி லிங்குகளைக் கூகுளின் ஸ்பேம் விதிகள் பெயர் சொல்லியே கண்டிக்கின்றன. இதே அளவுகோலை, கட்டணம் வாங்கிக்கொண்டு ஓரிரு பக்கக் கட்டுரைகளைத் தொகுத்து, ஐ.எஸ்.பி.என். எண்ணும் போட்டு, தலையணை கனத்தில் வெளிவரும் கருத்தரங்கக் கோவைகளுக்குப் பொருத்தும் அப்டேட் இன்னும் வரவில்லை.

பெங்குயினுக்குப் பிறகு நடந்ததுதான் இத்துறையின் பொற்காலம். பதிந்தவர்கள் எல்லோரும் டைரக்டரிகளுக்குக் கடிதம் எழுதி, தங்கள் பெயரை எடுத்துவிடும்படி மன்றாடினார்கள். சில டைரக்டரிகள் எடுப்பதற்கும் கட்டணம் கேட்டன. உள்ளே போகக் காசு, வெளியே வரக் காசு. அனுப்பிய கட்டுரையைத் திரும்பப் பெறக் கட்டணம் கேட்கும் 'சர்வதேச' ஆய்விதழ்களிடம் சிக்கியவர்களுக்கு இந்த மரபு அறிமுகமானதே. டைரக்டரிகள் மசியாததால், 2012 அக்டோபரில் கூகுளே ஒரு கருவி கொடுத்தது. டிஸ்அவோ என்பது அதன் பெயர்: 'இந்த லிங்குகளை என் கணக்கில் சேர்க்காதீர்கள்' என்று தளக்காரரே பட்டியல் எழுதிக் கொடுக்கலாம். அறிவுலகில் இப்படி ஒரு கருவி வந்தால், பேராசிரியர்களின் தன்விவரக் குறிப்புகள் எத்தனை பக்கம் மிஞ்சும் என்று எண்ணிப்பார்க்க இவ்வாய்வாளருக்குத் துணிவில்லை.

7. கண்டறிந்தவை

பூட்டுக்கடை இடம்பெற்ற டைரக்டரிப் பக்கத்தைத் திறந்து, பூட்டைப் பார்ப்பவர் ஒரே ஒருவர்தான்: பூட்டுக்கடைக்காரர், தன் பெயர் வந்துவிட்டதா என்று. பல் மருத்துவரும் அதே நோக்கத்தில் திறக்கிறார், பூட்டைப் பார்ப்பதில்லை. கருத்தரங்கக் கோவையை வீட்டுக்குக் கொண்டுபோகும் கட்டுரையாளர் எந்தப் பக்கத்தைத் திறக்கிறார் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

எனவே விதி ஒன்று பிறக்கிறது. தன் பெயரைத் தேடி மட்டுமே ஆட்கள் திறக்கும் பட்டியலில் பதிவது வீண். உங்கள் பெயரைக் கேள்விப்பட்டிராத ஒருவர், பூட்டு வேண்டும் என்று திறக்கும் பட்டியலில் பதிவது பயன். ஜஸ்ட்டயலில் பெயர் இருந்தால் போன் வரும். கூகுள் மேப்பில் கடையும் திறக்கும் நேரமும் சரியாக இருந்தால் ஆள் நேரே வந்து நிற்பார். வணிகர் சங்கத்தின் உறுப்பினர் பட்டியலை மொத்த வியாபாரி பார்ப்பார். 2005இல் கூகுளும் யாஹூவும் மைக்ரோசாஃப்டும் ஏற்றுக்கொண்ட, 'இந்த லிங்கை மதிப்பில் சேர்க்காதே' என்னும் நோஃபாலோ குறியைப் பட்டியல்காரர் தம் லிங்கில் போட்டிருந்தால் போடட்டும். பூட்டு வாங்க வருபவர் லிங்கில் நோஃபாலோ இருக்கிறதா என்று பார்த்துவிட்டு வருவதில்லை. பேக்லிங்க் கிடைக்குமா என்று கேட்கும்வரை விடை 'இல்லை'. ஆள் வருவாரா என்று கேட்டால் விடை பட்டியலுக்குப் பட்டியல் மாறும். இவ்வளவையும் ஒரே வரியில் சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு வரிக்குப் பதவி உயர்வு தரும் விதி எதுவும் இல்லை.

8. மேலாய்வுக்கு உரிய களங்கள்

பென்டிங்கின் அகம், புறம். டைரக்டரிகளில் தலைசிறந்த என்னும் அடை. இல்லாத பிரிவுகளை மேற்கோள் காட்டும் உத்தி. இக்களங்களில் ஆய்வு செய்ய விரும்பும் மாணவர்கள் இவ்வாய்வாளரை வழிகாட்டியாகக் கொள்ளலாம். இக்கட்டுரையை மேற்கோள் காட்டுவோர்க்கு வாய்மொழித் தேர்வு ஃபீச்சர்டு. காட்டாதவர்க்கு ரெகுலர்.