மேலே ஒரு ஷிம்மி

“அக்கா, இனிமே நீங்க இன்டர்மீடியட் பேட்ச்” என்று டீச்சர் சொன்னபோது பாராட்டு என்றே நினைத்தேன். என் மகள் வயசுப் பெண், பொய் சொல்ல மாட்டாள். நேற்றுதான் முதல் வகுப்பு. தொடை வலியும் இறங்கவில்லை, கோபமும் இறங்கவில்லை.

நமக்கெல்லாம் அடுத்த படி என்றால் ஒரு பித்து. இந்தியில் வழி கேட்க வராது. ப்ராத்மிக், மத்யமா, ராஷ்டிரபாஷா என்று வரிசையாக எழுதி சர்டிபிகேட்டை லேமினேட் போட்டு வைத்திருப்போம். டைப்பிங்கில் லோயர் முடித்தவரிடம் “ஹையர் எப்போ?” என்று கேட்காத சித்தப்பா உண்டா? பெல்லி டான்ஸ் மட்டும் என்ன பாவம் செய்தது?

பிகினராக எவ்வளவு சுகமாக இருந்தேன்! நின்ற இடத்திலேயே முட்டியை மாற்றி மாற்றி மடக்கினால் இடுப்பு தானே குலுங்கும். அதற்குப் பெயர் ஷிம்மி. இடுப்பில் கட்டிய காசுத் துணி போடுகிற சத்தத்தில் தப்பெல்லாம் அமுங்கிவிடும்.

  இன்டர்மீடியட்டில் ஆரம்பித்தது இந்த ‘மேலே போடுவது’.

“அதே ஹிப் சர்க்கிள்தான், மேலே ஒரு ஷிம்மி போடுங்க.” இட்லிமேல் பொடி தூவுகிற மாதிரி சொல்கிறாள். ஷிம்மி வந்தால் வட்டம் சதுரமாகிறது. வட்டத்தைச் சரிசெய்தால் ஷிம்மி நின்றுபோகிறது. இரண்டும் சேர்ந்து வந்த அபூர்வ நொடியில் மூச்சு நின்றது. “மூச்சு விடுங்கக்கா.” விட்டேன். “கை எங்கே?” தூக்கினேன், தோளும் கூடவே காதுவரை வந்தது. “தோளை இறக்குங்க.” இறக்கினேன், கையும் இறங்கியது. “இப்போ அப்படியே நடங்க.” எப்படியே? நடந்தேன். “நெஞ்சு ஆடுது, இடுப்பு மட்டும் ஆடணும்.” நெஞ்சைப் பிடித்தேன். “சிரிங்க.” சிரித்தேன். பக்கத்துப் பெண், “தண்ணி வேணுமா ஆன்ட்டி?” என்றாள். இத்தனைக்கும் பிறகு டீச்சர் சொல்கிறாள், “ரிலாக்ஸ்!” ரிலாக்ஸ் ஆக வீட்டில் ஈஸி சேர் இருக்கிறதம்மா. அதற்கு ஃபீஸும் கிடையாது.

இந்த நடக்கிற வம்புக்குப் பின்னால் பதியா மசாப்னி என்றொரு அம்மையார் இருக்கிறார். 1926இல் கெய்ரோவில் கேளிக்கை அரங்கு ஒன்றைத் திறந்தார். கல்யாண வீடுகளில் பெரும்பாலும் நின்ற இடத்திலேயே ஆடிவந்த ஆட்டத்துக்குப் பெரிய மேடை கிடைத்தது. மேடையை நிரப்ப வேண்டுமே? பாலேயிலிருந்தும் லத்தீன் நடனங்களிலிருந்தும் கைவீச்சு, நடை, சுழற்சி எல்லாம் வந்து சேர்ந்தன. அவரிடம் ஆடியவர்தான் சாமியா கமால். பழைய எகிப்தியப் படங்களில் அவர் மிதந்து வருவதைப் பார்த்தால் பதியாவை மன்னிக்கத் தோன்றும். அதனால் பார்ப்பதை நிறுத்திவிட்டேன்.

தாளத்தை வேறு காதால் பிடிக்கணுமாம். தொடக்கத்தில் ஒரு ‘தும்’ என்றால் மக்சூம், இரண்டு என்றால் பலதி. நான் எண்ணி முடிப்பதற்குள் மற்றவர்கள் அடுத்த சுவர்வரை போய்த் திரும்பிவிடுகிறார்கள்.

அடுத்த வகுப்புக்கு சாகாத் வாங்கி வரணும். குட்டித் தாளங்கள், ஒவ்வொரு கையிலும் கட்டைவிரலில் ஒன்று, நடுவிரலில் ஒன்று. தினமும் வீட்டில் பழகணுமாம். காசுச் சத்தத்துக்கே கீழ்வீட்டு மாமி அசோசியேஷன் மீட்டிங்கில் பேசியாகிவிட்டது: ராத்திரி ஒன்பதுக்கு மேல் யாரும் பூஜை மணி அடிக்கக் கூடாதாம்.