லண்டன் கடிதம்: டாக்டர் எங்கே?



மதுரையிலிருக்கும் அம்மாவிடமிருந்து ராத்திரியானால் வாட்ஸ்அப்பில் வரும் கேள்வி ஒன்றுதான்: “டாக்டர் என்னடி சொன்னாங்க?” லண்டன் ஹாரோவில் இருக்கும் கர்ப்பிணி மகளிடம் பதில் இல்லை. வளைகாப்புக்கு நாள் பார்த்தாயிற்று, டாக்டர் முகத்தை அவள் இன்னும் பார்க்கவில்லை.

இங்கிலாந்து வழக்கம் அப்படி. சிக்கலில்லாத கர்ப்பம் என்றால் மிட்வைஃப் என்னும் பேறுகாலத் தாதிதான் எல்லாம். தலைப்பிரசவத்துக்கு 10 சந்திப்பு, அடுத்தடுத்த பிள்ளைகளுக்கு 7. ஸ்கேனும் பொதுவாக இரண்டே: 11 முதல் 14 வாரத்துக்குள் ஒன்று, 18 முதல் 21 வாரத்துக்குள் இன்னொன்று. மாசாமாசம் ஸ்கேன் பார்த்துப் பழகிய மதுரைக்கு இது சுத்தக் கஞ்சத்தனம்.

முதல் சந்திப்பில் மட்டும் கேள்வி கொட்டும். கணவர் ரத்த சொந்தமா என்று மிட்வைஃப் கேட்க, “சொந்த அத்தை மகன்” என்றாள் இவள் பெருமையாக. கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்த விரல் நின்றுவிட்டது. காகிதத்தில் தாத்தாவிலிருந்து கோடு போட்டு விளக்க வேண்டியதாயிற்று. கூச்சப்பட்டு மறைத்திருந்தால் பரம்பரை நோய் பற்றிய ஆலோசனை கைநழுவியிருக்கும். பிறகு அத்தை மகனை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு, வீட்டில் அடி, மிரட்டல் ஏதும் உண்டா என்று தனியே விசாரித்தார்கள். எல்லாப் பெண்களிடமும் கேட்பதுதான். வெளியே இருந்தவருக்குத்தான் வியர்த்தது.

சர்க்கரை விஷயத்தில் நம் வம்சத்துக்குத் தனி மரியாதை. தெற்காசியர் என்றாலே 24 முதல் 28 வாரத்துக்குள் வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்து, 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கவைத்து, 2 மணி நேரம் கழித்து மறுபடி எடுப்பார்கள்.

மற்ற சந்திப்புகள் சட்டென்று முடிந்துவிடும். ரத்த அழுத்தமும் சிறுநீரில் புரதமும் பார்ப்பது பிரி-எக்லாம்ப்சியா என்னும் கர்ப்பகால ரத்த அழுத்தக் கோளாறை முன்கூட்டிப் பிடிக்க. 24 வாரத்துக்கு மேல் டேப்பால் வயிற்றை அளந்து வரைபடத்தில் புள்ளி வைப்பார்கள். கடைசியில், “வேறு ஏதாவது கேட்கணுமா?” நம்மவர்கள் “ஒண்ணுமில்லை” என்று சிரித்துவிட்டு எழுந்து வருவார்கள். உண்மையில் சந்திப்பு ஆரம்பிப்பதே அங்கேதான்.

இவள் போனில் பட்டியலோடு போகிறவள். கேட்டதனால் தெரிந்தது: பிரசவமாகி 12 மாதம் வரை மருந்தும் பல் வைத்தியமும் இலவசம், அதற்குச் சான்றிதழ் வாங்க வேண்டும். வேலை நேரத்தில் சந்திப்புக்குப் போனால் சம்பளம் பிடிக்கக் கூடாது. கணவரும் 2 முறை உடன் வரலாம், ஆனால் அந்த நேரத்துக்குச் சம்பளம் தர வேண்டிய கட்டாயம் முதலாளிக்கு இல்லை. பிள்ளையின் அசைவு குறைந்தால் அடுத்த சந்திப்புவரை காத்திருக்காமல், நடுராத்திரியானாலும் உடனே பிரசவப் பிரிவுக்குப் போன் செய்ய வேண்டும்.

போன தடவை பட்டியல் மதுரையிலிருந்து வந்தது. ரத்தம் ஊற ஆட்டு ஈரல் வறுத்துச் சாப்பிடலாமா? கூடாதாம். அதிலுள்ள வைட்டமின் ஏ அளவு மீறினால் கருவுக்கு ஆகாது, ரத்தம் குறைந்தால் இரும்புச்சத்து மாத்திரை தருவார்கள். காபி? ஒரு நாளைக்கு 200 மில்லிகிராம் கஃபீன் வரைதான். ஒரு மக் ஃபில்டர் காபியிலேயே 140 போய்விடும்.

ஈரலும் போச்சு, சாயங்காலக் காபியும் போச்சு என்று கேட்டதும் மதுரைக்குப் பொறுக்கவில்லை. “அந்தம்மா எத்தனை பிள்ளை பெத்தவங்கன்னு மொதல்ல கேளுடி!”

அந்தக் கேள்வியை மட்டும் மகள் பட்டியலில் ஏற்றவில்லை.