டார்ச் பிடிக்கிற உத்தியோகம்

ஒஹையோ

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

போனில் நீங்கள், “ராத்திரியெல்லாம் பக்கத்து வீட்டு கராஜில் என்னடா வேலை?” என்று கேட்டபோது பேச்சை மாற்றிவிட்டேன். சித்தி பக்கத்தில் இருந்தார். தோட்டா கட்டுகிற இடம் என்றால் பயந்துவிடுவார். கட்டுவது நானில்லை, பக்கத்து வீட்டுப் பெரியவர். நான் டார்ச் பிடிக்கிறவன்.

அவரிடம் ஒரு வெப்ளி ரிவால்வர் இருக்கிறது. 1915-ல் வந்த ஆறாம் மார்க். முதல் உலகப் போரில் வெள்ளைக்காரத் துரைமார் இடுப்பில் தொங்கிய சாமான். அதற்கான .455 தோட்டா இங்கே சாதாரணக் கடையில் இருக்காது. இத்தாலியில் ஃபியோக்கி கம்பெனி போடுகிறது, ஆனால் விலையைக் கேட்டால் சுடுகிற ஆசையே போய்விடும். “அதனால்தான் காசை மிச்சம் பிடிக்க நானே கட்டுகிறேன்” என்கிறார். மிச்சம் பிடித்த லட்சணம்: ஒரு பிரஸ், அச்சுகள், தராசு, சின்னக் கடைசல் இயந்திரம், ஈயம் உருக்க அடுப்பு. இதெல்லாம் கராஜுக்குள்ளே சௌக்கியமாக இருக்க, கார் வெளியே பனியில் நிற்கிறது.

தோட்டாக் கூடு கிடைக்காவிட்டால் சுலபமாகக் கிடைக்கிற .45 கோல்ட் கூட்டை வாங்கி, வெட்டிக் குட்டையாக்கி, விளிம்பைக் கடைந்து மெலிசாக்குகிறார். அது போகட்டும், குண்டுதான் பெரிய ரோதனை. இந்த வெப்ளியில் உருளையின் வாய் குழாயைவிடக் குறுகல். கெட்டியான குண்டு அந்த வாயில் இளைத்துப்போய், குழாயில் லொடலொடவென்று ஓடும். குறி எங்கேயோ போகும். அதனால் மெத்தென்ற ஈயத்தில், அடியில் குழி வைத்து வார்க்க வேண்டும். வெடித்த வேகத்தில் அந்தக் குழி விரிந்து குழாயை அடைத்துக்கொள்ளும். அந்த மெத்தென்ற ஈயத்துக்காகப் பழைய வீடு எங்கே இடிக்கிறார்கள், ஈயக் குழாய் அகப்படுமா என்று ஊரெல்லாம் அலைகிறார்.

குண்டு 265 கிரெய்ன் எடை. 7000 கிரெய்ன் ஒரு பவுண்டு; நம் கணக்கில் இந்தக் குண்டு இரண்டு பவுனுக்குச் சற்றே மேல். வெடிமருந்தோ கொஞ்சூண்டு. ஆசாரி குன்றிமணி வைத்துப் பொன் நிறுப்பதுபோல நிறுக்கிறார். அப்போது டிவி கூடாது, போன் கூடாது, நான் தும்மக் கூடாது. கூட்டில் இடம் தாராளம் என்பதால், கவனம் பிசகி இரண்டு முறை மருந்து போட்டாலும் வெளியே தெரியாது; ரிவால்வர் கையிலேயே சிதறிவிடும். ஆகவே கூடுகளைப் பலகைக் குழிகளில் வரிசையாக நிறுத்தி, ஒவ்வொன்றுக்குள்ளும் டார்ச் அடித்துப் பார்த்த பிறகுதான் குண்டை வைத்து அழுத்துவார். அங்கேதான் என் உத்தியோகம்.

வேறு எதையும் தொட விடமாட்டார். என்னைப்போல் வேலை விசாவில் இருப்பவன், வேட்டை லைசென்ஸ் போன்ற விலக்கு இல்லாமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. சட்டத்தின் கண்ணில் காலிக் கூடும் தோட்டாதான். தரையில் உருண்டதை எடுக்கக் குனிந்தாலே “தொடாதே!” என்று அலறுவார். கிரீன் கார்டு வந்ததும் பிரஸ் கைப்பிடியைத் தருவாராம். இந்தியர் வரிசை நகர்கிற வேகத்தில் அவருக்கு நூற்றுப்பத்து வயது ஆகிவிடும்.

இந்த ஊருக்கு வந்த வெப்ளிகள் பலவற்றின் உருளையைப் பின்பக்கம் சீவி, .45 ஏ.சி.பி. தோட்டாவுக்கு மாற்றிவிட்டார்கள். அந்தத் தோட்டாவின் அழுத்தம் இந்தக் கிழத் துப்பாக்கிக்கு ஆகாது. தன்னுடையது சீவாதது என்பதில் அவருக்கு உள்ள பெருமை, பேத்தி டாக்டருக்குப் படிப்பதில்கூட இல்லை.

ஒருநாள், அந்தக் காலத்தில் இதில் என்ன மருந்து போட்டார்கள் என்று கேட்டேன். “கார்டைட்! கயிறு கயிறாக இருக்கும். இப்போது யார் பார்த்திருக்கிறார்கள்?” என்று பெருமூச்சு விட்டார். எங்கள் சித்தப்பா கார்டைட் ஃபேக்டரியில்தான் ரிடையரானார், குன்னூருக்குப் பக்கத்தில் அருவங்காடு, 1903-ல் வெள்ளைக்காரன் ஆரம்பித்தது, மலை ரயிலுக்கு அங்கே ஸ்டேஷனே உண்டு என்றேன். கையிலிருந்த அச்சைக் கீழே வைத்துவிட்டார். அன்றிலிருந்து எனக்குக் காபி வருகிறது.

வருகிற ஞாயிறு உங்களோடு வீடியோவில் பேச வேண்டுமாம். கயிறு எத்தனை தடிமன், என்ன நிறம் என்று கேள்விகளை எழுதிவைத்திருக்கிறார். நீங்கள் அங்கே கேன்டீன் கணக்கு எழுதியவர் என்று நான் சொல்லவில்லை. நீங்களும் சொல்லவேண்டாம், காபி நின்றுவிடும். பழைய ஆட்கள் யாரையாவது விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் அண்ணன் மகன்